நீரில் நீலம் காட்டிய மரம்

மெக்சிகோவின் நவாட்டில் மொழி பேசும் மக்கள் ‘கோவாட்லி’ என்று அழைத்த சிறுமரம் ஒன்று உண்டு. அதன் வைரக்கட்டையைச் சீவி ஊற்றுநீரில் போட்டுவைத்தால் அரை மணி நேரத்தில் நீரில் மெல்லிய நீலம் படரத் தொடங்கும். நேரம் ஆக ஆக நீலம் கூடும். ஆனால் கட்டையில் நீலத்தின் சுவடே இராது. அந்த நீரைக் கண்ணாடிக் குப்பியில் ஊற்றி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் நீலம் மறைந்து பொன்னிறம் தெரியும். வெளிச்சத்துக்கு முதுகு காட்டி நின்று பார்த்தால் மறுபடியும் நீலம். சாயம் என்றால் எந்தப் பக்கம் நின்று பார்த்தாலும் ஒரே நிறம்தான் தெரிய வேண்டும். கோவாட்லி நீரில் தெரிந்தது சாயம் அன்று, நீர் உமிழ்ந்த ஒளி. தாவரத்திலிருந்து ஒளிரும் பொருளை உண்டாக்கிய கதையில் எழுத்தில் கிடைக்கும் முதல் அத்தியாயம் இந்த மரத்தைப் பற்றியது.

16ஆம் நூற்றாண்டில் மெக்சிகோ மக்களின் வாழ்வையும் அறிவையும் அவர்கள் வாய்மொழியாகவே கேட்டுத் தொகுத்த பெர்னார்தினோ தெ சஹாகுன் என்ற ஸ்பானியத் துறவி, இந்த மரத்தையும் அதன் நீல நீரையும் பதிவு செய்திருக்கிறார். சிறுநீர்க் கோளாறுக்கு அந்த நீர் மருந்தாகக் கொடுக்கப்பட்டது. ஐரோப்பாவுக்கு இந்தச் செய்தியை எடுத்துச் சென்றது செவில் நகர மருத்துவர் நிக்கோலாஸ் மொனார்டெஸ் 1565இல் வெளியிட்ட நூல். அமெரிக்கக் கண்டத்திலிருந்து கப்பலில் வந்த மூலிகைகளை, ஊரை விட்டு நகராமல் துறைமுகத்திலேயே வாங்கி ஆராய்ந்தவர் அவர். கோவாட்லிக் கட்டைக்கு ஐரோப்பியர் இட்ட பெயர் ‘லிக்னம் நெஃப்ரிட்டிகம்’. அதாவது சிறுநீரக மரம்.

மொனார்டெஸ் காலத்திலேயே போலிச் சரக்கு வரத் தொடங்கிவிட்டது. வேறு ஏதோ மரத்தின் சீவல்கள் அதே பெயரில் விற்கப்பட்டன. அவை நீரை மஞ்சளாக்கினவே தவிர நீலமாக்கவில்லை. ஆகவே நீரில் போட்டுப் பார்த்து, நீலம் வந்தால் மட்டும் வாங்குவது என்ற வழக்கம் உண்டாயிற்று. அந்த ஒளியின் காரணம் ஒருவருக்கும் தெரியாது. ஆனாலும் சரக்கு அசலா போலியா என்று சொல்லும் சாட்சியாக அது வேலை செய்தது. பின்வந்த நானூற்றைம்பது ஆண்டுகளில் தாவர ஒளிக்கு மனிதர் கொடுத்த வேலை பெரும்பாலும் இந்தச் சாட்சி வேலைதான்.

அடுத்த நூற்றாண்டில் சீவல்களோடு கிண்ணங்களும் ஐரோப்பாவுக்கு வந்தன. மரத்தைக் கடைந்து செய்த அந்தக் கிண்ணத்தில் நீர் ஊற்றி வைத்தாலே நீலம் வந்துவிடும். ரோமில் இருந்த ஜெசூட் அறிஞர் அதனாசியஸ் கிர்ச்சருக்கு, மெக்சிகோவிலிருந்து வந்த சபைப் பிரதிநிதி ஒருவர் அப்படியொரு கிண்ணத்தைப் பரிசளித்தார். கிர்ச்சர் 1646இல் எழுதிய ஒளியும் நிழலும் பற்றிய நூலில் அந்த நீர் காட்டிய நிறமாற்றங்களை வியப்போடு விவரித்தார். கிண்ணத்தைப் புனித ரோமானியப் பேரரசருக்குக் காணிக்கையாக்கினார். ஆனால் மெக்சிகோவின் கோவாட்லி கிண்ணம் கடையும் அளவுக்குப் பருக்கும் மரம் அன்று. இந்த முரண்பாடு அன்று யாருடைய கண்ணையும் உறுத்தவில்லை. அது தீர இன்னும் 270 ஆண்டுகள் ஆயின.

அந்த நீரை முதலில் ஒழுங்காகச் சோதித்தவர் ராபர்ட் பாயில். நிறங்கள் குறித்து அவர் 1664இல் வெளியிட்ட நூலில் இந்த மரத்துக்குத் தனி இடம் உண்டு. குப்பியை வெளிச்சத்துக்கும் கண்ணுக்கும் நடுவில் வைத்தும், வெளிச்சத்தை முதுகுக்குப் பின்னால் விட்டும், நிழலில் ஒதுக்கியும் அவர் பார்த்தார். பிறகு ஒரு துளி அமிலம் சேர்த்தார். நீலம் அடியோடு மறைந்து பொன்னிறம் மட்டும் மிஞ்சியது. காரத்தைச் சேர்த்தபோது நீலம் திரும்பி வந்தது. அப்படியானால் ஒரு பொருள் அமிலமா காரமா என்று தெரியாதபோது இந்த நீரில் விட்டுப் பார்த்தே சொல்லிவிடலாம் என்று பாயில் முடிவு செய்தார். வேதியியல் கூடங்களில் லிட்மஸ் தாள் செய்யும் வேலையை ஒரு மூலிகைக் கஷாயத்தின் ஒளியைக் கொண்டு செய்து காட்டியவர் அவர். 1672இல் ஒளியும் நிறமும் குறித்த தம் புகழ்பெற்ற கட்டுரையில் நியூட்டனும் இந்த மரத்தைக் குறிப்பிட்டிருக்கிறார். ஆனால் அதன் ஒளிக்குக் காரணம் சொல்ல இருவராலும் முடியவில்லை.

18ஆம் நூற்றாண்டில் மருந்துக் கடைகளில் கோவாட்லிக் கட்டை அருகியது. கடைசியில் அது எந்த மரம் என்பதே மறந்துபோயிற்று.

ஆய்வு வேறு தாவரங்களுக்கு நகர்ந்தது. ஸ்காட்லாந்தின் டேவிட் புரூஸ்டர் 1833இல் பச்சிலைகளை ஆல்கஹாலில் ஊறவைத்து எடுத்த பச்சைச் சாற்றில் ஒரு சூரியக் கற்றையைச் செலுத்தினார். சாற்றுக்குள் கற்றை சென்ற பாதை ரத்தச் சிவப்பாகத் தெரிந்தது. அது பச்சையத்தின் ஒளி. கீரையைச் சாராயத்தில் கசக்கி வடிகட்டி, கள்ளநோட்டுப் பார்க்கும் ஊதா விளக்கின் அடியில் வைத்தால் இன்றும் அந்தச் சிவப்பைக் காணலாம். 1845இல் ஜான் ஹெர்ஷல் குயினைன் கரைசலில் ஒரு புதுமையைக் கண்டார். வெறும் தண்ணீர் போலத் தெளிந்திருக்கும் அந்தக் கரைசலின் மேற்பரப்பில், வெளிச்சம் விழும் பக்கத்தில் மட்டும் வானத்து நீலம் மெல்லிய ஏடாகப் படிந்திருந்தது.

குயினைன் சிங்கோனா மரப்பட்டையில் கிடைப்பது. 1820இல் பாரிசில் பெல்லத்தியேவும் கவாந்துவும் அதைப் பிரித்தெடுத்தார்கள். தமிழ்நாட்டுக்கு இந்த மரத்தோடு நேரடி உறவு உண்டு. கிளமென்ட்ஸ் மார்க்கத்தின் முயற்சியால் தென் அமெரிக்காவிலிருந்து 1860களின் தொடக்கத்தில் வந்த சிங்கோனா நீலகிரியில் ஊன்றப்பட்டது. தொட்டபெட்டாவிலும் நடுவட்டத்திலும் அரசுத் தோட்டங்கள் எழுந்தன, நடுவட்டத்தில் குயினைன் ஆலையும் நடந்தது. மலேரியாக் காய்ச்சலுக்கு அஞ்சலகங்களில் பொட்டலமாக விற்ற அந்தக் கசப்பு மருந்துக்குள், கேம்பிரிட்ஜ் ஆய்வறையில் ஒளியியலின் ஒரு கதவைத் திறந்த அதே பொருள்தான் இருந்தது.

அந்தக் கதவைத் திறந்தவர் ஜார்ஜ் கேப்ரியல் ஸ்டோக்ஸ். 1852இல் அவர் சூரிய ஒளியை முப்பட்டகத்தால் பிரித்து, குயினைன் கரைசல் நிறைந்த குழாயைச் சிவப்பிலிருந்து ஊதா வரை ஒவ்வொரு நிறத்திலும் நகர்த்திக்கொண்டே வந்தார். சிவப்பிலும் மஞ்சளிலும் பச்சையிலும் ஒன்றும் நிகழவில்லை. ஊதாவின் முனையை நெருங்கியபோது நீலம் தோன்றியது. ஊதாவையும் தாண்டி, கண்ணுக்கு எந்த ஒளியும் தெரியாத இருட்டுப் பகுதிக்குள் குழாய் போனபோதும் அந்த நீலம் அணையவில்லை. கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிரைக் கரைசல் வாங்கிக்கொண்டு, அதைவிட அலைநீளம் கூடிய நீல ஒளியாகத் திருப்பித் தருகிறது என்று ஸ்டோக்ஸ் விளக்கினார். வாங்கும் ஒளியைவிடத் தரும் ஒளி அலைநீளத்தில் நீண்டிருக்கும் என்பது அவர் பெயரால் வழங்கும் விதி. இந்நிகழ்வுக்கு ஃப்ளோர்ஸ்பார் என்ற கனிமத்தின் பெயரிலிருந்து ‘ஃப்ளோரசன்ஸ்’ என்ற சொல்லை உண்டாக்கியவரும் அவரே. தமிழில் அது உடனொளிர்வு. விளக்கை அணைத்ததும் உடனொளிர்வு அணைந்துவிடும். அணைத்த பிறகும் சற்று நேரம் நீடித்தால் அது நின்றொளிர்வு.

ஸ்டோக்ஸ் ஆராய்ந்த தாவரங்களில் ஐரோப்பாவின் சாலையோர நிழல்மரமான குதிரைச் செஸ்நட்டும் ஒன்று. அதன் பட்டையைக் கிள்ளி நீரில் போட்டால் எஸ்குலின் என்ற பொருள் நீலப் புகைபோல் இறங்கும். இந்த எஸ்குலினே தாவர ஒளியை ஆய்வறையிலிருந்து துணிக்குக் கொண்டுவந்தது. பழைய வெள்ளைத் துணி மஞ்சளடித்துப் போவதற்குக் காரணம், அது நீல ஒளியைக் குறைவாகத் திருப்புவது. வண்ணார் நீலம் போட்டபோது மஞ்சள் மறைந்தது, ஆனால் துணி சற்று மங்கியது. ஜெர்மானியத் துணித்தொழில் வேதியியலர் பவுல் கிரைஸ் 1929இல் வேறு வழி காட்டினார்: செஸ்நட்டின் எஸ்குலினில் துணியை நனைத்தால் அது வெயிலின் புற ஊதாவை நீல ஒளியாக மாற்றித் தரும், குறைந்த நீலம் ஈடாகும், துணி முன்னைவிட வெளுப்பாகத் தெரியும். ஒளிகொண்டு வெளுக்கும் பொருள்களில் இது முதலாவது.

ஆனால் எஸ்குலின் துணியில் நிற்கவில்லை. வெயிலில் சிதைந்தது, துவைத்தால் போயிற்று. பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளுக்குள் நிலக்கரித் தாரிலிருந்தும் பின்னர் பெட்ரோலியத்திலிருந்தும் செய்த ஸ்டில்பீன் வகைப் பொருள்கள் அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டன. தமிழ் வீடுகளில் வேட்டிக்கும் பள்ளிச் சட்டைக்கும் போட்ட டினோபால் அந்த வகையைச் சேர்ந்தது. இன்று சலவைத்தூளிலும் காகிதத்திலும் இருப்பவையும் பெரும்பாலும் அவற்றின் உறவுகளே. தாவர ஒளி சந்தையில் தோற்ற முதல் இடம் இது. தோல்விக்கான காரணமும் ஒளிவுமறைவற்றது: பிரகாசத்தில் எஸ்குலினுக்குக் குறையில்லை, உறுதியில்தான் குறை.

இதற்கிடையே கோவாட்லியின் புதிர் ஒருவாறு அவிழ்ந்தது. அமெரிக்கத் தாவரவியலர் வில்லியம் சாஃபோர்டு 1915இல், ஒரே பெயரில் இரண்டு மரங்கள் புழங்கியதை நிறுவினார். மொனார்டெஸ் வாங்கிய சீவல் மெக்சிகோவின் ஐசன்ஹார்டியா பாலிஸ்டாக்கியா. கிர்ச்சர் கையிலிருந்தது போன்ற கிண்ணங்கள் பிலிப்பைன்சின் நார்ரா மரத்தில் கடைந்தவை. மணிலாவிலிருந்து அகபுல்கோவுக்கு ஆண்டுதோறும் போன ஸ்பானியக் கப்பல்களில் ஏறி, மெக்சிகோவைக் கடந்து, அவை ஐரோப்பா சேர்ந்தன. மெக்சிகோவழி வந்ததால் மெக்சிகோ மரம் என்றே எண்ணப்பட்டன. பசிபிக்கைக் கடந்து திரும்பும் வழி மாலுமிகளுக்குப் பிடிபட்ட ஆண்டும் 1565தான். மொனார்டெஸ் தம் நூலை வெளியிட்ட அதே ஆண்டு.

நார்ரா தமிழர்க்கு முற்றிலும் அந்நிய மரம் அன்று. அது தெரோகார்ப்பஸ் பேரினத்தைச் சேர்ந்தது. நம் மலைகளின் வேங்கையும் செம்மரமும் அதன் உடன்பிறப்புகள். வேங்கை குறிஞ்சி நிலத்தின் மரம். அதன் பொன்னிறப் பூ உதிர்ந்து கிடக்கும் பாறை புலிபோலத் தோன்றும் என்பது சங்கப் புலவர்கள் சலிக்காமல் கையாண்ட காட்சி. பட்டையைக் கீறினால் வடியும் சிவந்த பிசின் மலபார் கீனோ என்ற பெயரில் ஐரோப்பிய மருந்துக் கடைகளுக்குப் போயிற்று. வேங்கைக் கட்டையில் கடைந்த குவளையில் இரவு நீர் ஊற்றி, விடிந்ததும் குடிப்பது நீரிழிவுக்கு இன்றும் புழக்கத்தில் உள்ள கைவைத்தியம். கேரளத்திலும் தமிழகத்திலும் அந்தக் குவளைகள் விற்பனைக்குக் கிடைக்கின்றன. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் வேங்கைக் கட்டையை நீரிழிவு நோயாளிகளிடம் சோதித்து 1998இல் முடிவுகளை வெளியிட்டது. குவளையில் ஊறிய நீர் பழுப்பாக இருக்கும். வெயிலில் சாய்த்துப் பார்த்தால் விளிம்பில் நீலச் சாயல் ஓடும். மெக்சிகோ, பிலிப்பைன்ஸ், இந்தியா என்று மூன்று நிலங்களிலும் மரம், நீர், மருந்து ஆகிய மூன்றும் ஒரே மாதிரி இணைந்திருக்கின்றன. மூன்று மரங்களும் அவரைக் குடும்பத்தைச் சேர்ந்தவை என்பதை நினைத்தால் இந்த ஒற்றுமை வெறும் தற்செயலாகப் படவில்லை.

நீல ஒளிக்குரிய மூலக்கூறு எது என்ற கேள்விக்கு 2009இல்தான் விடை வந்தது. மாட்ரிட் நகரில் உலீசெஸ் அக்குன்யாவும் உடன் ஆய்வாளர்களும் ஐசன்ஹார்டியாக் கட்டையில் அதைத் தேடினார்கள். கட்டைக்குள் ஒளிரும் பொருள் இல்லவே இல்லை என்பதுதான் அவர்கள் கண்டது! கட்டையில் இருப்பது கோவாட்லின் என்ற, ஒளிராத பொருள். சற்றே காரத்தன்மை கொண்ட நீரில் அது கரைந்து, காற்றின் ஆக்சிஜனோடு தானாகவே வினைபுரிந்து, நான்கு வளையங்கள் கொண்ட புதுப் பொருளாக மாறுகிறது. அதற்கு நவாட்டில் மொழியில் நீலத்தைக் குறிக்கும் சொல்லிலிருந்து மாட்லலின் என்று பெயர் சூட்டினார்கள். வாங்கும் ஒளியைக் கிட்டத்தட்ட வீணாக்காமல் நீலமாகத் திருப்பித் தரும் மாட்லலின், ஆய்வறைகளில் செயற்கையாகச் செய்யும் சிறந்த ஒளிர்பொருள்களுக்கு எவ்விதத்திலும் குறைந்ததன்று.

பாயில் கண்ட அமில, கார வேறுபாட்டுக்கும், நீலம் படர ஆகும் என்று மொனார்டெஸ் சொன்ன அரை மணி நேரத்துக்கும் இதிலேயே விளக்கம் கிடைக்கிறது. அந்த நேரம் கட்டையில் இருந்த ஏதோ ஒன்று கரைந்து வருவதற்கு மட்டும் ஆனதன்று, புதிதாக ஒன்று உருவாவதற்கு ஆனது. மரத்தைச் சீவி, உரிய நீரில், உரிய நேரம் ஊறவைத்த நவாட்டில் மருத்துவர்கள் அறிந்தோ அறியாமலோ ஒரு வேதிவினையை நடத்திக்கொண்டிருந்தார்கள். ஒளிரும் தாவரப் பொருளைச் செய்த முதல் கைகள் என்ற பெருமை அவர்களுக்கே உரியது.

20ஆம் நூற்றாண்டில் இருட்டில் ஒளிரும் பொருள் என்றால் கனிமம் என்றே ஆயிற்று. கடிகார முகப்பில் ரேடியம் பூசினார்கள். பூசிய பெண் தொழிலாளர்கள் நோயுற்று மடிந்த பிறகு அது கைவிடப்பட்டது. 1990களில் ஜப்பானில் உருவான ஸ்ட்ரான்சியம் அலுமினேட் இரவு முழுவதும் ஒளிர்கிறது. அவசர வழிப் பலகைகளில் இருப்பது அதுதான். கதிரியக்கம் இல்லை, ஆனால் யூரோப்பியம், டிஸ்புரோசியம் என்ற அருமண் தனிமங்கள் வேண்டும். அவற்றைத் தோண்டிப் பிரிப்பது நிலத்தையும் நீரையும் கெடுக்கும் தொழில். தாவரத்தின் பக்கம் ஆய்வாளர்கள் மறுபடி திரும்பியதற்கு இதுவும் ஒரு காரணம்.

முதலில் கிடைத்தவை கரிப்புள்ளிகள். ஒரு மில்லிமீட்டரின் பத்து லட்சத்தில் சில பங்கே இருக்கும் இந்தக் கரித் துணுக்குகள் ஒளிர்வது 2004இல் அமெரிக்காவின் தென் கரோலினாவில், வேறொரு பொருளைச் சுத்தம் செய்யும்போது தற்செயலாகத் தெரியவந்தது. 2012இல் ஒடிசா ஆய்வாளர்கள் ஆரஞ்சுச் சாற்றை மூடிய கலத்தில் 120 டிகிரியில் சூடாக்கி அதே கரிப்புள்ளிகளைச் செய்தார்கள். அதன் பிறகு தோல், இலை, உமி என்று கழிவாகப் போகும் பலவற்றிலிருந்தும் அவை செய்யப்பட்டன. இவற்றின் ஒளியும் உடனொளிர்வே. விளக்கு அணைந்தால் அதுவும் அணையும்.

விளக்கு அணைந்த பின்னும் நீடிக்கும் ஒளியைக் காட்டியது சாதாரண மரக்கட்டை. மரத்தில் செல்லுலோஸ் நார்களை ஒட்டிப் பிடித்திருக்கும் பசை லிக்னின். கட்டையின் எடையில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு அதுதான். சீனாவின் ஹார்பின் நகரத்து வனவியல் பல்கலைக்கழகத்தினரும் இங்கிலாந்தின் பாத் பல்கலைக்கழகத்தினரும் பாஸ்வுட் என்ற மரத்தின் கட்டை இயல்பாகவே மிக மங்கலாக நின்றொளிர்வதைக் கவனித்தார்கள். அது நீடித்தது சில மில்லி நொடிகளே. லிக்னின் மூலக்கூறு தடையின்றி அசைந்தால் வாங்கிய ஆற்றலை வெப்பமாக இழந்துவிடும். செல்லுலோஸ் வலைக்குள் இறுகிக் கிடப்பதால் அசைய முடியாமல் ஒளியாகக் கொடுக்கிறது. இதே நிலையைச் செயற்கையாக உண்டாக்க, லிக்னினைப் பிரித்து ஒரு பாலிமர் வலைக்குள் பூட்டினார்கள். ஒளி ஏறத்தாழ ஒரு நொடி நீண்டு கண்ணுக்குத் தெரிந்தது. 2021இல் இம்முடிவுகள் வெளியாயின. லிக்னின் பூசிய நூலும் துணியும் அவ்வாறே ஒளிர்ந்தன.

ஒரு நொடி ஒளியைக் கொண்டு வழிப்பலகை செய்ய முடியாது. ஆய்வாளர்களும் அப்படிச் சொல்லவில்லை. விலையுயர்ந்த துணியிலும் பையிலும் இந்த நூலைச் சேர்த்து நெய்தால், விளக்கைக் காட்டி அணைத்து அசலா போலியா என்று கண்டுபிடிக்கலாம் என்பதே அவர்கள் சொன்ன முதல் பயன். செவில் துறைமுகத்தில் சீவலை நீரில் போட்டுப் பார்த்து வாங்கியவர்கள் அந்த ஒளிக்குக் கொடுத்த அதே வேலை.

இதற்காக எந்த மரத்தையும் வெட்ட வேண்டியதில்லை. காகித ஆலைகள் கூழ் காய்ச்சும்போது பிரியும் கரிய நீர்மத்தில் லிக்னின் நிறைந்திருக்கிறது. உலகெங்கும் ஆண்டுக்கு ஐந்து கோடி டன்னுக்குக் குறையாமல் இப்படிக் கழிகிறது, அதில் பெரும்பகுதி ஆலையின் கொதிகலனிலேயே எரிக்கப்படுகிறது. ஒளிக்கு மூலப்பொருள் தேடுவோர் போக வேண்டிய இடம் அந்தக் கழிவு, காடு அன்று. கிண்ணமும் குவளையும் தந்த மரங்களுக்கும் அவற்றின் உறவான செம்மரத்துக்கும் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் சிவப்புப் பட்டியலில் இப்போது இடம் கிடைத்திருக்கிறது: நார்ராவும் செம்மரமும் அருகிவரும் இனங்கள், வேங்கை அந்த நிலையை நெருங்கிக்கொண்டிருக்கும் இனம்.